புழுக்களின் சரித்திரம் – 9: அறுபது விநாடி

2003-ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் 11-ஆம் தேதி திங்கட்கிழமையன்று, உலகத்தின் பல பாகங்களிலும் தத்தம் கம்ப்யூட்டர்களின் முன் அமர்ந்திருந்த ஜனங்களின் திரைகளில், எதையும் தொடாமல் இருக்கும்போதே ஒரு சிறு பெட்டி தோன்றியது. சிஸ்டம் மூடப்படப் போகிறது, வேலையைச் சேமித்துக்கொள்ளுங்கள் என்னும் கருத்துள்ள ஆங்கில வாசகமும், ஒரு நிமிஷத்திலிருந்து பின்னோக்கி ஓடும் கடிகாரமும், இந்த ஆக்ஞையைப் பிறப்பித்தவர் ‘என்டி அத்தாரிட்டி’ என்பவர் என்ற தகவலும் அதில் அடங்கியிருந்தன. அப்படி ஓர் அதிகாரி தம் வீட்டில் குடியிருப்பதை அதுவரை அறியாதவர்கள் திகைத்து நிற்கையிலேயே அறுபது விநாடியும் கழிந்து, யந்திரம் தானாக அணைந்து, தானாகவே மறுபடி விழித்துக்கொண்டது. இன்டர்நெட்டில் திரும்ப இணைந்தார்கள். சில நிமிஷங்களில் மறுபடியும் அதே பெட்டி, அதே அறுபது விநாடி.

சென்ற அத்தியாயத்தில் நாம் கண்ட ஸ்லாமர் என்னும் புழு, 376 பைட் அளவே உள்ள தன் சரீரத்தை யந்திரத்தின் நினைவகத்தில் மட்டுமே வைத்துக்கொண்டிருந்தபடியால், மின்சாரத்தை ஒரு தரம் நிறுத்திப் போட்டாலே மடிந்துவிடும் சுபாவமுடையதாயிருந்தது. திரும்ப வந்து தொற்றிக்கொள்வது வேறு விஷயம். பிளாஸ்டர் என்று பெயர் பெற்ற இந்தப் புதிய புழுவோ வேறு ஜாதி. டிஸ்கில் ஒரு ஃபைலாகக் குடியேறி, யந்திரம் ஒவ்வொரு தடவை எழுந்திருக்கும்போதும் தன்னையும் எழுப்பும்படி ரெஜிஸ்ட்ரியில் தன் பெயரைப் பதிந்துகொண்டு, அதன் பிறகே அண்டை அயலைத் தேடிப் புறப்பட்டது. ஆகவே இதைப் போக்குவதற்கு ஒரு சிகிச்சை முறையே வேண்டியதாயிற்று. அந்தச் சிகிச்சையின் கதைதான் இந்த அத்தியாயத்தின் பெரும் பகுதி.

மூலகாரணம் எங்கே இருந்ததென்று முதலில் பார்த்துவிடலாம். ஒரு கம்ப்யூட்டரில் இருக்கும் புரோகிராம் மற்றொரு கம்ப்யூட்டரை ஏவி ஒரு காரியத்தைச் செய்வித்துக்கொள்வதற்காக விண்டோஸில் ஏற்பட்டிருந்த வசதிக்கு ஆர்.பி.சி. என்று பெயர். காரியாலயங்களில், ஒருவரையொருவர் அறிந்த யந்திரங்களுக்கிடையே நடக்கும் போக்குவரத்துக்கென்று உண்டான இந்த ஏற்பாடு, விண்டோஸ் 2000, எக்ஸ்பி ஆகியவற்றின் மூலம் வீடுகளுக்குள்ளும் பிரவேசித்தபோது, 135 என்னும் எண்ணுள்ள போர்ட்டில் இரவு பகலாகக் காத்திருந்து, வருகிறவர் யார் என்று விசாரியாமலே பதில் சொல்லிக்கொண்டிருந்தது. எக்ஸ்பியில் ஃபயர்வால் ஒன்று இருக்கத்தான் இருந்தது. ஆனால் இயங்காத நிலையில், செட்டிங்குகளின் உள்ளடுக்கு ஒன்றில் இருந்தது. ஒரு யந்திரத்தின் பெயர் வரவேண்டிய இடத்தில் அளவுக்கு மிஞ்சிய நீளமுள்ள பெயரை அனுப்பினால், ஆர்.பி.சி. அந்த நீளத்தைச் சோதியாமல் வாங்கிக்கொண்டு நிலை தடுமாறும் என்பதையும், அத்தடுமாற்றத்தில் அன்னியன் ஒருவன் தன் கட்டளைகளைப் புகுத்திவிடலாம் என்பதையும் போலந்து நாட்டைச் சேர்ந்த சிறு ஆய்வாளர் குழுவொன்று கண்டுபிடித்து மைக்ரோஸாப்டுக்கு அறிவித்தது. கம்பெனியும் ஜூலை 16-ஆம் தேதியன்று, எம்.எஸ்.03-026 என்ற அறிக்கையோடு, பாட்ச் என்று சொல்லப்படும் திருத்தத்தை வெளியிட்டது.

திருத்தம் ஒன்றை வெளியிடுவது, ஓட்டை எங்கே இருக்கிறதென்று உலகத்துக்கு அறிவிப்பதும் ஆகும் என்பதை இத்துறையில் உள்ளவர்கள் நன்கறிவார்கள். பழைய ஃபைலையும் புதிய ஃபைலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டு, எந்த வரி மாறியிருக்கிறதென்று பார்க்கத் தெரிந்தவனுக்கு, மாறிய இடமே வழிகாட்டி. ஜூலை 25-ஆம் தேதி எக்ஸ்ஃபோகஸ் என்னும் சீனக் குழு, ஓட்டையை உபயோகிக்கும் வகையை விளக்கும் நிரலைப் பகிரங்கப்படுத்திற்று. அதை வேறு சிலர் செப்பனிட்டார்கள். அமெரிக்க அரசாங்கத்தின் உள்நாட்டுப் பாதுகாப்பு இலாகா எச்சரிக்கை விடுத்தது. திருத்தம் வெளியான 26-ஆம் நாள் புழு வந்து சேர்ந்தது.

அது தொழில் செய்த விதத்தில் ஒரு வேடிக்கை உண்டு. எதிரே இருப்பது எக்ஸ்பியா, விண்டோஸ் 2000-ஆ என்று கண்டறியும் சாமர்த்தியம் அதற்கு இல்லை. ஆகையால் ஐந்தில் நாலு பங்கு எக்ஸ்பி என்றும், ஒரு பங்கு 2000 என்றும் குத்துமதிப்பாக வைத்துக்கொண்டு அடித்தது. குறி சரியாக அமைந்தால் 4444-ஆம் போர்ட்டில் ஒரு கதவு திறந்து, 6,176 பைட் அளவுள்ள ‘எம்எஸ்பிளாஸ்ட்.எக்ஸி’ என்னும் ஃபைல் உள்ளே வந்து அமர்ந்துகொள்ளும். யந்திரத்துக்கு உடையவர் ஒன்றையும் உணர மாட்டார். குறி தவறினால் ஆர்.பி.சி. செத்து விழும், அது விழுந்தால் பிழைத்திருக்க முடியாது என்று வகுக்கப்பட்டிருந்த எக்ஸ்பி, தன்னைத் தானே மூடிக்கொள்ளப் பெட்டியைத் திரையில் காட்டும். ஆக, பெட்டியைக் கண்டு பதறியவர்களிலே பலர் அந்த நிமிஷத்தில் புழு தங்காதவர்கள். ஒன்றும் காணாமல் நிம்மதியாயிருந்தவர்களிலே பலர்தாம் அதற்கு இடம் கொடுத்தவர்கள். புழுவை எழுதிய கோணல் புத்திக்காரன் குறிபார்ப்பதில் இன்னும் கொஞ்சம் சிரத்தை எடுத்துக்கொண்டிருந்தால், புழு பல நாள் ஒருவர் கண்ணிலும் படாமல் பரவியிருக்கக்கூடும். ரெஜிஸ்ட்ரியில் அது பதிந்துகொண்ட பெயர் ‘விண்டோஸ் ஆட்டோ அப்டேட்’. நோய்க்கு மருந்து எந்தப் பெயரில் வருகிறதோ, அந்தப் பெயரையே நோய் சூட்டிக்கொண்டது.

இனிச் சிகிச்சை. மருந்தோ மைக்ரோஸாப்டின் தளத்தில் இருந்தது. ஒரு மெகாபைட்டுக்குச் சற்று மேற்பட்ட அளவு. அக்காலத்து டயல்-அப் மோடத்தில் அது இறங்கி வர நாலைந்து நிமிஷமாகும். இணைந்திருந்தால் இரண்டு நிமிஷத்தில் பெட்டி தோன்றிவிடும். மருந்தை வாங்கப் போகும் வழியிலேயே நோய் வழிமறித்து நின்றது என்பதே இந்த விபத்தின் உண்மையான கஷ்டம். கை தேர்ந்தவர்கள் இதற்கு ஓர் உபாயம் வைத்திருந்தார்கள்: பெட்டி தோன்றியவுடன் ஸ்டார்ட் மெனுவில் ‘ரன்’ என்பதைத் திறந்து, ஷட்டவுன் என்ற கட்டளையை ஒரு சிறு கோடும் ‘ஏ’ என்ற ஆங்கில எழுத்தும் சேர்த்து அடித்தால், ஓடிக்கொண்டிருக்கும் கடிகாரம் அந்தக்ஷணமே நின்றுபோகும். இந்த ஒரு வரி அந்த வாரத்தில் டெலிபோன் மூலமாகவும் துண்டுச் சீட்டுகள் மூலமாகவும் மந்திரோபதேசம் செய்யப்பட்டதைப் போல் பரவிற்று. வேறு சிலர், சர்வீசஸ் பட்டியலுக்குள் நுழைந்து, ஆர்.பி.சி. விழுந்தால் யந்திரத்தையே திரும்பத் தொடங்கு என்றிருந்த விதியை, அந்தச் சர்வீஸை மட்டும் திரும்பத் தொடங்கு என்று மாற்றிவைத்து, மூச்சு விட அவகாசம் தேடிக்கொண்டார்கள்.

வரிசைக் கிரமம் தவறினால் சிகிச்சை வீண். முதலில் மோடத்தின் கம்பியைக் கழற்ற வேண்டும். டாஸ்க் மேனேஜரைத் திறந்து, ஓடிக்கொண்டிருக்கும் எம்எஸ்பிளாஸ்டை நிறுத்த வேண்டும். ஸிஸ்டம்32 ஃபோல்டரில் உள்ள ஃபைலை நீக்க வேண்டும். ரெஜிஸ்ட்ரியில் அது எழுதிவைத்த பதிவை அழிக்க வேண்டும். ஃபயர்வாலை இயக்கி வைத்த பின்பே கம்பியை மாட்டித் திருத்தத்தைக் கொண்டுவர வேண்டும். ஃபைலை அழித்த மகிழ்ச்சியில் ஃபயர்வாலை மறந்து கம்பியை மாட்டியவர்களின் யந்திரத்துக்குள், அழித்த ஃபைல் திருத்தத்துக்கு முன்னதாகவே வந்து சேர்ந்தது. போதாக்குறைக்கு, எக்ஸ்பியில் சிஸ்டம் ரெஸ்டோர் என்று ஒரு வசதி. யந்திரத்தின் பழைய நிலைமைகளை அவ்வப்போது எடுத்துப் பத்திரமாகப் பூட்டி வைப்பது அதன் வேலை. அந்தப் பூட்டிய அறைக்குள் ஆன்டி-வைரஸ் புரோகிராம்களுக்குப் பிரவேசம் கிடையாது. ஆகவே புழுவின் பிரதியொன்றும் அங்கே பத்திரமாக இருக்கக்கூடும் என்றும், அவ்வசதியை முதலில் நிறுத்திவிட்டே சுத்தம் செய்ய வேண்டும் என்றும் வைத்தியர்கள் சொன்னார்கள். நஷ்டத்தை நிவர்த்திக்க ஏற்பட்ட சாதனத்தையே நிறுத்த வேண்டியிருந்தது.

புழுவின் உடலுக்குள் பில் கேட்ஸுக்கு ஒரு செய்தி இருந்தது: பணம் பண்ணுவதை நிறுத்திவிட்டு உம் மென்பொருளைச் சரிசெய்யும் என்பது அதன் சாரம். அது வெறும் பேச்சாக நிற்கவில்லை. ஆகஸ்ட் 16-ஆம் தேதி முதல், தொற்றிய யந்திரங்கள் யாவும் ஒரே முகமாகத் திருத்தங்கள் வழங்கும் ‘விண்டோஸ்அப்டேட்.காம்’ என்னும் முகவரியைத் தாக்கும்படி அதில் திட்டமிடப்பட்டிருந்தது. அதாவது நோயாளிகளைக் கொண்டே மருந்துக் கடையை அடைக்கும் யோசனை. ஆனால் எழுதியவன் ஒரு தப்புச் செய்தான். அந்த முகவரி உண்மையான கடைக்கு ஜனங்களைத் திருப்பிவிடும் வெறும் வழிகாட்டிப் பலகையே. கடை மைக்ரோஸாப்டின் மற்றொரு முகவரியில் இருந்தது. கம்பெனியார் பலகையைக் கழற்றி எடுத்துவிட்டார்கள். எதிர்பார்த்த யுத்தம் நடக்கவில்லை.

அதற்குள் மேரிலாண்ட் மாகாணத்தில் மோட்டார் வாகன லைசென்ஸ் வழங்கும் காரியாலயங்கள் ஒரு நாள் பகலிலேயே மூடப்பட்டன. விடுமுறை முடிந்து மாணவர்கள் தொற்றிய லாப்டாப்புகளோடு திரும்பிய அமெரிக்க சர்வகலாசாலைகளில், விடுதி இணைப்பைக் கொடுக்குமுன் திருத்தம் அடங்கிய சி.டி.யைக் கையில் கொடுத்தார்கள். ஆகஸ்ட் 14-ஆம் தேதி அமெரிக்காவின் வடகிழக்கிலும் கனடாவிலும் மின்சாரம் தடைப்பட்டுப் பெரும் பிரதேசம் இருளில் மூழ்கியபோது, பழியைப் பிளாஸ்டர்மேல் போட்டவர்களும் உண்டு. பின்னால் விசாரித்த இரு நாட்டுக் கூட்டுக் குழு அதற்கு ஆதாரம் காணவில்லை. தொற்றிய யந்திரங்கள் சில லட்சம் என்று அக்காலத்தில் மதிப்பிட்டார்கள். 2004 ஜனவரியில் மைக்ரோஸாப்ட், விண்டோஸ் அப்டேட் வழியாகவே ஒரு துப்புரவுக் கருவியை அனுப்பி, அது கண்டெடுத்தவற்றை எண்ணிப் பார்த்தபோதுதான், குறைந்தபட்சம் 80 லட்சம் என்று தெரியவந்தது.

26 நாள் அவகாசம் இருந்தும் ஏன் இவ்வளவு பேர் திருத்தத்தைப் போடாமல் இருந்தார்கள்? சோம்பேறித்தனம், அலட்சியம் என்று அன்று எழுதினார்கள். இன்றும் அப்படியே எழுதுகிறார்கள். வீட்டு உபயோகஸ்தரைப் பற்றிய வரையில் அது அறியாமை என்று வைத்துக்கொள்ளலாம். ஆயிரக்கணக்கான யந்திரங்களைக் கட்டிக் காக்கும் நிர்வாகிகளைப் பற்றி அப்படிச் சொல்வது நியாயமன்று என்பது என் அபிப்பிராயம். அவர்கள் காத்திருந்தது அனுபவத்தின் பேரில். அந்த அனுபவத்தைக் கற்பித்ததோ திருத்தத்தை வெளியிட்ட கம்பெனிதான்.

1999-ஆம் ஆண்டின் கடைசியில் விண்டோஸ் என்டி 4-க்கு ஆறாவது சர்வீஸ் பேக் வந்ததும், அதை நம்பிப் போட்ட காரியாலயங்களில், நிர்வாகியின் அதிகாரமில்லாத சாதாரண குமாஸ்தா ஒருவரும் லோட்டஸ் நோட்ஸைத் திறந்து தம் கடிதங்களைப் பார்க்க முடியாமற்போனது. சில வாரங்களில் ‘6ஏ’ என்ற பெயரோடு சர்வீஸ் பேக்குக்கே ஒரு திருத்தம் வந்தது. அது பழங்கதை என்று தள்ளினாலும், பிளாஸ்டருக்கு நாலு மாதம் முன்பு, 2003 ஏப்ரல் 16-ஆம் தேதி நடந்தது யாருக்கும் மறந்திருக்க நியாயமில்லை. விண்டோஸின் கருப்பகுதியில் இருந்த ஓர் ஓட்டையை அடைக்க எம்.எஸ்.03-013 என்னும் திருத்தம் வெளியாயிற்று. போட்டவர்களிலே எக்ஸ்பியின் முதல் சர்வீஸ் பேக்கை வைத்திருந்த பலருக்கு யந்திரம் நத்தையாக ஊர்ந்தது. ஒரு புரோகிராமைத் திறக்க முன்னே பிடித்ததைப்போல் பல மடங்கு நேரம் பிடித்தது. திருத்தத்தைக் கழற்றினார்கள், வேகம் திரும்பிற்று, ஓட்டையும் திரும்பிற்று. சரியான திருத்தம் மே 28-ஆம் தேதிதான் வந்தது. இடையிலிருந்த ஆறு வாரமும் புத்திசாலியான நிர்வாகி என்ன செய்திருப்பார்? காத்திருந்திருப்பார். ஜூலை 16-ஆம் தேதி மறுபடி ஒரு திருத்தம் வந்தபோதும் அதையேதான் செய்தார்.

இதற்குச் சாஸ்திர சம்மதமும் இருந்தது. 2002 நவம்பரில் நடந்த லீஸா என்னும் நிர்வாகிகள் மகாநாட்டில், ஸ்டீவ் பீட்டி, கிரிஸ்பின் கோவன் முதலியோர் சமர்ப்பித்த ஆராய்ச்சிக் கட்டுரை ஒன்று, திருத்தத்தை உடனே போட்டால் குறைபாடுள்ள திருத்தத்தால் வரும் கெடுதியையும், தாமதித்துப் போட்டால் தாக்குதலால் வரும் கெடுதியையும் தராசின் இரு தட்டிலும் வைத்து நிறுத்து, வெளியான 10-ஆம் நாளும் 30-ஆம் நாளும் போடுவதற்கு உகந்த தினங்கள் என்று முடிவு கூறிற்று. நல்ல கட்டுரை, கணக்கிலும் பிழை இருப்பதாகத் தெரியவில்லை. ஆனால் ஸ்லாமர் விஷயத்தில் 185 நாளாக இருந்த இடைவெளி, பிளாஸ்டரில் 26 நாளாகக் குறுகிவிட்டது. முப்பதாம் நாளுக்கென்று காத்திருந்தவன் நாலு நாள் முந்தியே அகப்பட்டுக்கொண்டான்.

போட்டவர்களின் பாடும் முழுக்கச் சுகமாயில்லை. திருத்தம் ஃபைல்களை உரிய இடத்தில் மாற்றியதோ இல்லையோ, ரெஜிஸ்ட்ரியில் அதன் பெயர் பதிந்திருந்தால் விண்டோஸ் அப்டேட் அந்த யந்திரத்தைச் சௌக்கியமென்று சொல்லிவிடுகிறது என்ற குற்றச்சாட்டு அந்த மாதமே எழுந்தது. யந்திரத்தின் வாக்குமூலத்தை நம்பாமல், நெட்வொர்க் வழியாக ஒவ்வொன்றையும் தட்டிப் பார்த்து, அது பதில் சொல்லும் விதத்திலிருந்தே திருத்தம் உண்டா இல்லையா என்று கண்டறியும் கருவியொன்றை மைக்ரோஸாப்டே வெளியிட்டது. செப்டம்பர் 10-ஆம் தேதி, அதே ஆர்.பி.சி.யில் மேலும் ஓட்டைகள் இருப்பதாகச் சொல்லி எம்.எஸ்.03-039 வந்தது. முந்திய மாதம் ராத்திரி பகலாக உட்கார்ந்து எல்லாவற்றுக்கும் திருத்தம் போட்டு முடித்தவர்கள், முதல் யந்திரத்திலிருந்து மறுபடி தொடங்கினார்கள்.

இந்நிலையில்தான் ஆகஸ்ட் 18-ஆம் தேதி, இச்சரித்திரத்திலே மிகவும் விசித்திரமானதென்று நான் கருதும் ஜந்து தோன்றியது. வெல்ச்சியா என்றும் நாச்சி என்றும் அதை அழைத்தார்கள். பிளாஸ்டர் புகுந்த அதே வழியாகவும், வெப் சர்வர்களில் இருந்த வேறொரு வழியாகவும் உள்ளே நுழைந்து, பிளாஸ்டர் ஓடிக்கொண்டிருந்தால் அதை நிறுத்தி, அதன் ஃபைலை அழித்து, யந்திரத்தின் பதிப்பையும் பாஷையையும் பார்த்து, ஆங்கிலம், சீனம், கொரிய மொழிகளுக்குரிய திருத்தத்தை மைக்ரோஸாப்டின் தளத்திலிருந்தே இறக்கிப் போட்டு, யந்திரத்தைத் திரும்பத் தொடங்கிவிட்டு, அதன் பிறகு அடுத்த யந்திரத்துக்குப் போயிற்று. 2004-ஆம் வருஷம் பிறந்ததும் தன்னைத் தானே அழித்துக்கொள்ளவும் ஏற்பாடு செய்துகொண்டிருந்தது. அதன் உடலுக்குள் எழுதியவனின் குறிப்பும் இருந்தது. தன் மனைவியையும் குழந்தையையும் நேசிப்பதாகத் தெரிவித்திருந்தான்.

இவ்வளவு நல்லெண்ணமும் விபரீதமாகவே முடிந்தது. எந்த முகவரியில் யந்திரம் இருக்கிறதென்று அறிய அது முதலில் ‘பிங்’ என்னும் சிறு அழைப்பை அனுப்பிற்று. தொற்றிய யந்திரம் ஒவ்வொன்றும் ஓயாமல் அனுப்பவே, காரியாலய நெட்வொர்க்குகள் மூச்சுத் திணறி நின்றன. ஊருக்கெல்லாம் இலவச வைத்தியம் பார்க்கப் புறப்பட்டவன், எந்த வீட்டில் நோயாளி என்று தெரியாமல் நள்ளிரவில் தெருவிலுள்ள எல்லாக் கதவுகளையும் ஒரே சமயத்தில் உடைபடும்படி தட்டினால் எப்படியோ, அப்படி இருந்தது. ஏர் கனடாவில் 19-ஆம் தேதி பிரயாணிகளைப் பதிவு செய்யும் வேலை ஸ்தம்பித்து விமானங்கள் தாமதப்பட்டன. அமெரிக்கக் கடற்படையின் நெட்வொர்க் தத்தளித்தது. விண்டோஸ் எக்ஸ்பி எம்பெடெட் மேல் ஓடிய டீபோல்ட் ஏ.டி.எம். யந்திரங்களுக்குள்ளும் இரண்டு வங்கிகளில் அது புகுந்துவிட்டது. செப்டம்பர் 23-ஆம் தேதி, விசா கேட்பவர்களின் பெயரைச் சரிபார்க்கும் அமெரிக்க வெளிநாட்டு இலாகாவின் ஏற்பாடு சில மணி நேரம் நின்றது.

அதை அகற்றுவதும் எளிதாயில்லை. ‘டிஎல்எல்ஹோஸ்ட்.எக்ஸி’, ‘எஸ்விசிஹோஸ்ட்.எக்ஸி’ என்று விண்டோஸின் சொந்த ஃபைல்களுக்குள்ள பெயர்களையே அது தரித்திருந்தது. ஒரே வித்தியாசம், உண்மையான ஃபைல்கள் ஸிஸ்டம்32-க்குள் இருக்க, இவை அதனுள்ளே இருக்கும் ‘வின்ஸ்’ என்ற ஃபோல்டரில் இருந்தன. டாஸ்க் மேனேஜரில் பார்த்தால் பெயர் மட்டும் தெரியும், இருப்பிடம் தெரியாது. அவசரத்தில் அசலை அழித்துவிட்டுப் போலியைக் காப்பாற்றி வைப்பது எவ்வளவு சுலபமென்பதைச் சொல்ல வேண்டியதில்லை. நல்ல புழு என்று ஒன்று இருக்க முடியுமா என்று அதற்கு முன்பும் பின்பும் பண்டிதர்கள் விவாதித்திருக்கிறார்கள். சம்மதம் பெறாத சிகிச்சையைப் பற்றிய தர்ம விசாரம் ஒரு புறமிருக்க, சோதித்துப் பாராத திருத்தத்தை அன்னியன் யந்திரத்தில் போட்டு, அவன் வேலையின் நடுவே அதைத் திரும்பத் தொடங்குவது என்ற காரியத்தை, ஏப்ரல் மாதத்து அனுபவமுடைய எந்த நிர்வாகியும் உபகாரமென்று கொள்ள மாட்டார்.

பிளாஸ்டரை முதலில் எழுதியவன் அகப்படவேயில்லை. அதைச் சிறிது மாற்றி வேறு பெயரில் அனுப்பிய ஜெஃப்ரி பார்சன் என்ற மின்னசோட்டாவைச் சேர்ந்த 18 வயது இளைஞனே பிடிபட்டு, 2005-இல் 18 மாதச் சிறைவாசம் பெற்றான். 2003 நவம்பரில் மைக்ரோஸாப்ட், துப்புக் கொடுப்பவருக்கு இரண்டரை லட்சம் டாலர் என்று அறிவித்தது. அதற்கு முந்திய மாதம் செய்த மாறுதல்தான் நிலைத்து நின்றது: நினைத்தபோது வெளியாகிக்கொண்டிருந்த திருத்தங்களை ஒன்றாகத் திரட்டி, மாதத்தின் இரண்டாவது செவ்வாய்க்கிழமையில் வெளியிடுவது என்று விதித்துக்கொண்டது. எப்போது வருமென்று தெரிந்தால் சோதித்துப் பார்க்க ஆளையும் நேரத்தையும் ஒதுக்கி வைத்துக்கொள்ளலாம் என்று நிர்வாகிகள் இதை வரவேற்றார்கள். ஆனால் திரட்டிக் கொடுப்பதில் உள்ள ஆபத்து ஆறு மாதத்தில் வெளிப்பட்டது.

எல்ஸாஸ் என்பது விண்டோஸில் பாஸ்வேர்டு சரிபார்ப்பு முதலிய பந்தோபஸ்து காரியங்களைக் கவனிக்கும் பகுதி. அதில் உள்ள ஓட்டையை இ-ஐ என்னும் ஆய்வு நிறுவனம் 2003 அக்டோபரிலேயே மைக்ரோஸாப்டுக்கு அறிவித்திருந்தது. திருத்தம் 2004 ஏப்ரல் 13-ஆம் தேதி வந்தது, எம்.எஸ்.04-011 என்ற அந்த ஒரே மூட்டைக்குள் 14 ஓட்டைகளுக்கு மருந்து கட்டப்பட்டிருந்தது. ஒன்று வேண்டுமென்றால் பதினாலையும் விழுங்க வேண்டும். விழுங்கிய விண்டோஸ் 2000 யந்திரங்களில் சில, தொடங்கும்போதே உறைந்து நின்றன. சிலவற்றில் உள்ளே நுழையவே முடியவில்லை. சிலவற்றில் ப்ராஸஸரின் சக்தி முழுவதையும் ‘சிஸ்டம்’ என்ற ஒன்றே உண்டுகொண்டிருந்தது. ஏற்ற முடியாத சில டிரைவர்களை விண்டோஸ் மீண்டும் மீண்டும் ஏற்ற முயன்று அந்தச் சுழலிலேயே அகப்பட்டுக்கொண்டதுதான் காரணமென்று பின்னால் தெரிந்தது. அவற்றுள் ஒன்று நார்டெல் கம்பெனியின் வி.பி.என். டிரைவர், அதாவது வீட்டிலிருந்தோ வெளியூரிலிருந்தோ காரியாலயத்தோடு பாதுகாப்பாக இணைய வேண்டுமென்று முன்ஜாக்கிரதையாக ஏற்பாடு செய்தவர்களே இத்தொல்லைக்கு ஆளானார்கள்.

நிறுத்தி வைத்துச் சோதிப்போம் என்று நிர்வாகிகள் தீர்மானித்திருக்கையில், 17-ஆம் நாள், ஏப்ரல் 30-ஆம் தேதி, ஸாஸர் வந்துவிட்டது. மறுபடி அதே பெட்டி, அதே அறுபது விநாடி. இம்முறை விழுந்தது ஆர்.பி.சி. அல்ல, எல்ஸாஸ். தான் தொற்றிய யந்திரம் மூடிக்கொண்டால் தன் தொழிலும் கெடுமென்று உணர்ந்த ஸாஸர், அந்தக் கடிகாரத்தை நிறுத்தும் கட்டளையைத் தானே கொடுத்துப் பார்த்தது. பின்லாந்தின் ஸாம்போ வங்கி முன்னெச்சரிக்கையாக 130 கிளைகளை மூடியது. பிரிட்டனின் கடலோரக் காவல் நிலையங்களில் காகித வரைபடங்களை எடுத்து விரித்தார்கள். ஸாஸர் தன் பிரதியை வழங்குவதற்கென்று 5554-ஆம் போர்ட்டில் திறந்து வைத்த வழியிலேயே ஒரு குறை இருந்ததால், அதன் வழியாக டாபர் என்ற மற்றொரு புழு புகுந்து இதையே இரையாக்கிக்கொண்டது. எழுதியவன் ஸ்வென் யாஷான் என்ற ஜெர்மானிய மாணவன். பதினெட்டு வயது நிரம்பும் தறுவாயில் எழுதியது. வெகுமதியைக் கேட்டு வந்தவர்களின் துப்பினால் ஒரு வாரத்தில் அகப்பட்டு, 2005 ஜூலையில் நிறுத்தி வைக்கப்பட்ட 21 மாதத் தண்டனையோடு வீடு திரும்பினான்.

திருத்தத்தைப் போட்டால் யந்திரம் எழுந்திராது, போடாவிட்டால் யந்திரம் நில்லாது என்ற இந்த இக்கட்டில், அறிக்கையின் நடுவே மைக்ரோஸாப்ட் குறிப்பிட்டிருந்த ஒரு சிறு உபாயம் பலருக்குக் கை கொடுத்தது. விண்டோஸ் ஃபோல்டருக்குள் ‘டீபக்’ என்ற ஃபோல்டரில் ‘டிசிப்ரோமோ.லாக்’ என்ற பெயரில் ஒரு ஃபைலை உண்டாக்கி, அதைப் படிக்க மட்டும் உரியதாக மாற்றிவிட வேண்டும், அவ்வளவே. ஓட்டையுள்ள பகுதி, தன் வேலையைத் தொடங்குமுன் அந்தக் குறிப்பேட்டில் எழுதப் பார்க்கும். எழுத முடியாவிட்டால் மேலே போகாது. போகாவிட்டால் ஓட்டையும் வாய் திறவாது. பொறியாளர்கள் ஆறு மாதம் வைத்திருந்து கொடுத்த மருந்துக்குப் பதிலாக, ஓர் ஃபைலின் ஒரு குறியீடு அன்றைய தினம் காவல் நின்றது. இத்தொழிலில் எனக்கு மிகவும் பிரியமான யுக்திகளில் இது ஒன்று.

மைக்ரோஸாப்ட் செய்த பெரிய மாறுதல், அடுத்த விண்டோஸில் ஈடுபட்டிருந்த ஆட்களையும் இழுத்துவந்து தயாரித்த எக்ஸ்பியின் இரண்டாவது சர்வீஸ் பேக். 2004 ஆகஸ்டில் வெளியான அதில் ஃபயர்வால் பிறக்கும்போதே இயங்கிக்கொண்டிருந்தது; பெயர் தெரியாதவர்கள் வெளியிலிருந்து ஆர்.பி.சி.யை ஏவும் உரிமையும் நீக்கப்பட்டது. பிளாஸ்டருக்கும் ஸாஸருக்கும் வாசலாயிருந்த குணத்தையே மாற்றியபடியால், அந்தக் குணத்தை நம்பி எழுதப்பட்டிருந்த புரோகிராம்கள் பல இடறி விழுந்தன. எவையெவைக்கு ஃபயர்வாலில் தனி வழி விட வேண்டும் என்று பட்டியலே போட வேண்டியதாயிற்று. ஐ.பி.எம். கம்பெனி தன் ஊழியர்களிடம், சோதித்து முடியும்வரை இதைப் போட வேண்டாமென்று சொல்லியது. பெரிய நிறுவனங்கள் பலவும் அவகாசம் கேட்கவே, தானாக இறங்கிவரும் இந்தச் சர்வீஸ் பேக்கைத் தடுத்து நிறுத்துவதற்கு ஒரு கருவியை மைக்ரோஸாப்டே செய்து கொடுத்தது. 120 நாளைக்கு என்று ஆரம்பித்து, 240 நாளைக்கு என்று நீட்டி, 2005 ஏப்ரல் 12-ஆம் தேதியோடு அந்தத் தடை முடிவுக்கு வந்தது.

(தொடரும்)